முன்னூறு பேர் நின்ற மாடம்

அக்டோபர் 3

அக்கா,

மூன்று வருடத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்க்கிறாய். உறையைப் பிரித்தாயே, அதற்கே நன்றி. பயப்படாதே, வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அரசவை மண்டபத்தின் மேல்மாடத்தில் ஒரு சத்தம் கேட்கிறது. காலையில் பார்வையாளர்களின் முதல் கூட்டத்தை மேலே ஏற்றுவேன். முப்பது பேரும் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். அதற்கப்புறம், ஆளே இல்லாத மாடத்திலிருந்து டிக், டிக், டிக் என்று மூன்று தடவை. யாரோ தூங்கி எழுந்து விரலைச் சொடுக்குவது மாதிரி.

காவலாளிகள் இதற்கு ஒரு கதை கட்டிவிட்டார்கள். "ராஜா முழிச்சுக்கிட்டாரு, இனிமே டிக்கெட் கிழிக்கலாம்" என்கிறார்கள். அரண்மனை டைரக்டர் அதைக் கேட்டு, திட்டாமல், படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டிவிட்டார்: 'அமைதி காக்கவும். மன்னர் விரல் சொடுக்கும் ஓசையை இங்கே கேட்கலாம்.' இப்போது வருகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சத்தம் வந்ததும் கை தட்டுகிறார்கள். நான் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறேன்.

மாடத்துக்கு நேர் கீழே, மண்டபத் தரையில், தினமும் காலையில் மெல்லிய கோடு மாதிரி ஒரு தூசி விழுந்திருக்கிறது. பெருக்குகிற அம்மா அதைத் துடைத்துவிடுகிறாள், மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் இருக்கிறது. கொஞ்சம் எடுத்து, பழைய நுழைவுச்சீட்டில் மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். நவம்பர் ஒன்பதாம் தேதி மண்டபத்தின் இருநூறாவது ஆண்டு விழா. டைரக்டர் உன் புத்தகத்தின் நாற்பத்தேழாம் பக்கத்தைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்தார். 'அண்டை நாட்டுத் தூதர் வந்த அன்று, இந்த மேல்மாடத்தில் முன்னூறு பிரபுக்கள் அணிவகுத்து நின்றார்கள்.' அதை அப்படியே நடத்திக் காட்டப் போகிறாராம். பள்ளிக்கூடங்களிலிருந்து முன்னூறு பிள்ளைகள், அரச அங்கி போட்டுக்கொண்டு, மாடத்தில் நின்று பாடப் போகிறார்கள்.

உன் மருமகள், நம் குட்டியும் அதில் இருக்கிறாள். மூன்றாவது வரிசை. வீட்டில் படுக்கை விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஒத்திகை பார்க்கிறாள்.

ஒரே ஒரு கேள்வி. அந்த மாடம் கல்தானா?

தம்பி


அக்டோபர் 9

தம்பி,

கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன்.

மாடம் கல். நாற்பத்தாறாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: 'ஒற்றை வண்ணச் சுண்ணப்பூச்சுடன் கூடிய கற்கட்டு.' பதினொரு வருடமாக மனப்பாடமாகச் சொல்கிற உனக்கு அது மறந்திருக்காது.

சத்தத்துக்குக் காரணம் வெயில். குளிர்ந்த கட்டடம் காலையில் சூடேறும்போது அப்படித்தான் முனகும். தூசி, பூச்சு உதிர்வது. இருநூறு வருடக் கட்டடத்தில் பூச்சு உதிராவிட்டால்தான் ஆச்சரியம். அந்தப் பலகை அசட்டுத்தனம். டைரக்டருக்கு நான் அப்படிச் சொன்னதாகச் சொல்லலாம்.

நீ பயந்த சுபாவம். சின்ன வயதில் தண்ணீர்த் தொட்டியில் உன் நிழலைப் பார்த்துவிட்டு நீ அலறியதற்காகத் தெருவே கூடியது. உன்னை நடுங்கி என்று கூப்பிட்டது நான் மட்டும் இல்லை. குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. பயம் ஒரு ஆதாரம் ஆகாது என்று சொல்ல வருகிறேன். என் மாணவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன்.

குழந்தை நன்றாகப் பாடட்டும். அத்தை விசாரித்ததாகச் சொல்.

அக்கா

நீ அனுப்பிய தூசியைத் தூக்கிப் போடவில்லை. மேசைமேல் இருக்கிறது. சுண்ணாம்பு இவ்வளவு மஞ்சளாக இருக்குமா என்று தெரியவில்லை. தாவரவியல் துறையில் ஒருவரைக் கேட்கிறேன்.


அக்டோபர் 14

அக்கா,

நடுங்கிதான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்ததை நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

உன் கல்லூரிக்காரர்களை அழைத்துக்கொண்டு வந்தாய். நாற்பது பேர் சுற்றி நிற்க, நான்தான் வழிகாட்டி. வழக்கம்போல அந்தத் தூதர் தன் ஊருக்கு எழுதிய குறிப்பைச் சொன்னேன். உன் புத்தகத்தில் இருப்பதுதான். 'மாடத்தில் முன்னூறு பிரபுக்கள் நின்றார்கள். நான் இருந்த மூன்று மணி நேரமும் ஒருவர்கூட அசையவில்லை. ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. இப்படிக் கட்டுப்பாடுள்ள அரசவையை நான் கண்டதில்லை.'

சொல்லிவிட்டு, என்னவோ தோன்றி, உன்னைப் பார்த்துக் கேட்டேன். "ஏன்க்கா, முன்னூறு பேரு, மூணு மணி நேரம், ஒருத்தர்கூடவா இருமல?"

நீ சொன்னாய்: "உனக்குப் பயத்துல பல்லு தந்தியடிக்கும். எல்லாரும் உன்னை மாதிரியா?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். காவலாளிகளும் சிரித்தார்கள். அதற்கப்புறம் ஆறு மாதம் நான் மாடத்தில் ஏறும்போதெல்லாம் எவனாவது பல்லைக் கிடுகிடுத்துக் காட்டுவான். நீ ஊருக்குப் போய்விட்டாய். நான் எங்கே போவேன்?

சரி. அதை விடு. போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். வயதான அம்மா ஒருவர் ஊன்றுகோலோடு மாடத்துக்கு வந்திருந்தார். மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் நின்று கோலை ஊன்றினார். கோல் உள்ளே போய்விட்டது அக்கா. இரண்டு விரல் ஆழம். அவர் அதை இழுத்து எடுத்துவிட்டு, "தரை இங்க மெத்துனு இருக்கே தம்பி" என்றார். எல்லோரையும் ஒவ்வொருவராகச் சுவரோரம் நடத்தி இறக்கினேன்.

அந்த ஓட்டைமேல் ஒரு பூந்தொட்டியை வைத்தேன், யாரும் மிதிக்காமல் இருக்க. டைரக்டர் சாயங்காலம் வந்தவர், "தொட்டி நல்லா இருக்கே! தூணுக்கு ஒண்ணா வை" என்றார். நான் ஓட்டையைக் காட்டினேன். கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டார். அவர் படிக்கட்டிலேயே நின்றுகொண்டு, "பூச்சு இளகியிருக்கு, அவ்வளவுதான். உங்க அக்கா புத்தகத்திலேயே முன்னூறு பேரு நின்னாங்கன்னு போட்டிருக்கே. அதை வெச்சுத்தானே நாங்க மாடத்தையே திறந்துவிட்டோம்" என்றார்.

அதை வைத்துத்தான் திறந்தார்களாம். உனக்குத் தெரியுமா இது? உன் புத்தகத்துக்கு முன்னால் அந்தப் படிக்கட்டில் பூட்டு தொங்கியது. யார் போட்ட பூட்டு என்று யாருக்கும் தெரியாது.

எல்லோரும் போன பிறகு நான் தூணைத் தட்டிப் பார்த்தேன். கல்லைத் தட்டினால் விரல் வலிக்க வேண்டும். இது கதவைத் தட்டுவது மாதிரி இருந்தது. உள்ளேயிருந்து யாராவது திறந்துவிடுவார்களோ என்று கையை இழுத்துக்கொண்டேன்.

ஒத்திகை நவம்பர் மூன்றாம் தேதி தொடங்குகிறது.

தம்பி


அக்டோபர் 20

தம்பி,

உன் கடிதம் வந்த அன்றே தாவரவியல்காரர் முடிவைச் சொன்னார். நீ அனுப்பியது சுண்ணாம்பு இல்லை. மரத்தூள். மரத்தைத் துளைக்கும் வண்டு வெளியே தள்ளுகிற தூள். எங்கே கிடைத்தது என்று கேட்டார். கல் மாடத்திலிருந்து என்றேன். "அப்ப வண்டுக்குத்தான் தெரியலை போலிருக்கு" என்றார். நான் சிரிக்கவில்லை.

அரண்மனையின் பழைய பதிவேடுகள் இங்கே காப்பகத்தில்தான் இருக்கின்றன. நான்கு நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். கண்டதை வரிசையாக எழுதுகிறேன். கவனமாகப் படி.

அரச உடைகளின் பதிவேட்டில், தூதர் வந்த நாளன்று 'மேல்மாடத்துக்கு முன்னூறு அங்கி' என்று இருக்கிறது. தூதரும் முன்னூறு பேரைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். இரண்டும் பொருந்தின. முன்னூறு பேர் நின்றார்கள் என்று எழுதினேன். எந்த வரலாற்று ஆசிரியரும் அப்படித்தான் எழுதியிருப்பார் என்று இன்று காலைவரை என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

அதே பதிவேட்டில் அடுத்த பக்கம் 'வைக்கோல், பன்னிரண்டு வண்டி' என்று தொடங்குகிறது. என் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்துக்கு நேரே என் கையெழுத்தில் இருக்கிறது: 'குதிரை லாயம். தேவையில்லை.' வைக்கோல் என்ற முதல் சொல்லைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன். இப்போதுதான் முழுவதும் படித்தேன். வைக்கோலுக்குக் கீழே சாக்குத் துணி. அதற்குக் கீழே மூங்கில். கடைசி வரி: 'முகம் எழுத இரண்டு ஓவியர்.'

மாடத்தில் நின்றவை பொம்மைகள்.

மன்னரை அப்போது எல்லோரும் கைவிட்டிருந்தார்கள். பிரபுக்கள் பாதிப் பேர் எதிரியிடம் போய்விட்டார்கள், மீதிப் பேர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மன்னரிடம் இன்னும் ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்க்கத்தான் தூதர் வந்தார். காலி மண்டபத்தைப் பார்த்தால் அடுத்த மாதமே படை வரும். அதனால் நாற்பது நாளில் ஒரு மாடத்தை எழுப்பி, அதில் வைக்கோல் மனிதர்களை நிறுத்தி, தூதரைக் கீழே தொலைவில் உட்கார வைத்தார்கள். அவர் நம்பினார். படை வரவில்லை. நான் அதை அரசவையின் பொற்காலம் என்று எழுதினேன்.

நாற்பது நாளில் கல் மாடம் கட்ட முடியாது. தலைமைத் தச்சர் மன்னருக்கு எழுதிய ஓலையின் நகல் வேறொரு ஆவணக் கட்டுக்குள் கிடைத்தது. கல் என்று நம்பியதால் தச்சர்களின் கட்டை நான் அன்று பிரிக்கவே இல்லை. அவர் எழுதியிருப்பது: 'உள்ளே மரச்சட்டமும் நாணலும். மேலே கல்போல் பூச்சு. பார்வைக்கு மட்டுமே ஆகும். ஆள் ஏறலாகாது.' நீ கேட்ட சத்தம், முப்பது பேர் கனம் இறங்கியதும் அந்த மரச்சட்டம் நிமிர்கிற சத்தமாகத்தான் இருக்க வேண்டும்.

பூட்டுப் போட்டவருக்குத் தெரிந்திருக்கிறது. பூட்டைத் திறந்தது நான்.

யாரையும் மேலே விடாதே. நாளைக்கே நிறுத்து. இத்துடன் டைரக்டருக்கு ஒரு கடிதமும் இரண்டு ஆவணங்களின் நகலும் இருக்கின்றன. நேரில் கொடு.

அன்று நீ கேட்டது சரியான கேள்வி. முப்பது வருடம் ஆவணங்களோடு இருந்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது. தோன்றவில்லை. அதற்கு நான்

மீதியை எழுத வரவில்லை. பிறகு எழுதுகிறேன்.

அக்கா


அக்டோபர் 27

அக்கா,

உன் கடிதத்தைப் படித்தேன். பதினொரு வருடம் அக்கா. ஒரு தடவைக்கு முப்பது பேர், ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. 'முன்னால் வாங்க, கைப்பிடி கிட்ட நின்னு பாருங்க, காட்சி நல்லாத் தெரியும்' என்று நானே கூப்பிட்டிருக்கிறேன்.

டைரக்டரிடம் கொடுத்தேன். முதலில் முகம் சுருங்கியது. "அழைப்பிதழ் போயாச்சு. பெரிய மனுசங்க எல்லாம் வர்றாங்க. முன்னூறு அங்கி தைச்சாச்சு. இப்ப வந்து மரம், வண்டுன்னா?" என்றார். பிறகு உன் நகல்களை மறுபடி படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது. அந்த ஆள் சிரித்தால் எங்கோ எதற்கோ பலகை மாட்டப் போகிறார் என்று அர்த்தம்.

"பிரமாதம்! பொம்மைகள்! இதைவிட நல்ல வரலாறு உண்டா? பொம்மையே வெச்சிருவோம். முன்னூறும். வரலாற்றுப்படியே!"

"சார், மாடம் தாங்காது சார்."

"வைக்கோல் பொம்மைக்கு என்னய்யா கனம் இருக்கு? அந்தக் காலத்துல தாங்குச்சுல்ல? உங்க அக்காவே எழுதியிருக்காங்க."

"பிள்ளைங்க?"

"பிள்ளைங்க கீழ. மாடத்துக்கு நேர் கீழ. தூதர் மாதிரி மேல பார்த்துப் பாடுவாங்க. உன் அக்கா சொன்னபடி யாரும் மேல ஏறலை. இப்பத் திருப்திதானே?"

மேலே நிற்க வேண்டிய முன்னூறு பிள்ளைகள் இப்போது கீழே நிற்கப் போகிறார்கள். நான் கேட்டு வாங்கின வரம் இது.

பொம்மைகள் வரத் தொடங்கிவிட்டன. சாக்கு உடம்பு, துணி முகம். அவற்றுக்கும் பிள்ளைகளுக்குத் தைத்த மாதிரியே முன்னூறு அங்கி தைக்கிறார்கள். காற்றில் சாயக் கூடாது என்று ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு மணல் மூட்டை கட்டச் சொல்லியிருக்கிறார். முன்னூறு மணல் மூட்டை. 'சார், மணல் வைக்கோல் இல்லையே' என்றேன். பொறியாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றார். எதைப் பார்த்துப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

பிள்ளைகளை வரிசையாக உள்ளே அழைத்து வருவது என் பொறுப்பு. சின்னக் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பேன், அவர்கள் பின்னால் வர வேண்டும். 'கொடி நின்றால் நில்லு, கொடி நடந்தால் நட' என்று பழக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

குட்டிக்கு மூன்றாவது வரிசையிலிருந்து முதல் வரிசை கிடைத்துவிட்டது. துள்ளிக் குதிக்கிறாள். "அப்பா, பொம்மை எல்லாம் என்னையே பாக்குமா?" என்று கேட்டாள். அவளை அனுப்ப வேண்டாம் என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். "மத்த பிள்ளைங்க மட்டும் நிக்கலாமா?" என்று கேட்டாள்.

என்ன செய்ய?

தம்பி


நவம்பர் 2

தம்பி,

கீழேயும் நிற்கக் கூடாது. மண்டபத்துக்குள்ளேயே கூடாது.

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. ஆறு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் எழுத்தர் எடுத்து, டைரக்டர் விழா வேலையாக இருக்கிறார் என்கிறார். உன்னைக் கூப்பிடச் சொன்னேன். வழிகாட்டிகளுக்குத் தொலைபேசி கொடுக்கிற வழக்கம் இல்லையாம். பழங்கட்டடத் துறைக்குத் தந்தி கொடுத்திருக்கிறேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது.

நானே வந்திருக்க வேண்டும். மழையில் ரயில் பாதை அரித்துவிட்டது, எட்டாம் தேதிக்கு மேல்தான் வண்டி ஓடும் என்று நிலையத்தில் சொன்னார்கள். ஒன்றை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. அதைக் கேட்டதும் ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த மண்டபத்தில், அத்தனை பேர் நடுவில், நான் எழுதியது தவறு என்று சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதி. அப்புறம் குழந்தை ஞாபகம் வந்தது. நிலையத்து வாசலில் அப்படியே நின்றேன். கை நடுங்கியது. நம் இருவரில் நடுங்கி யார் என்று இப்போது தெரியவில்லை.

இந்தக் கடிதம் ஒன்பதாம் தேதிக்குள் உன்னிடம் வருமா என்றும் தெரியவில்லை. வந்தால் இதை மட்டும் பிடித்துக்கொள். டைரக்டரிடம் அனுமதி கேட்காதே. பொறியாளரை நம்பாதே. என் புத்தகத்தை நம்பாதே. உன் பயத்தை நம்பு.

அக்கா


நவம்பர் 10

அக்கா,

பிள்ளைகள் எல்லோரும் பத்திரம். குட்டி பத்திரம். இதை முதலில் எழுதிவிட்டேன்.

உன் இரண்டாம் தேதிக் கடிதம் இன்று காலையில்தான் வந்தது. எல்லாம் முடிந்த பிறகு.

நேற்றுக் காலை பத்து மணிக்குப் பிள்ளைகளை உள்ளே அழைத்து வந்து நிறுத்தினேன். மேலே முன்னூறு பொம்மைகள், அங்கி போட்டு, கைப்பிடியை ஒட்டி நெருக்கமாக. எல்லாவற்றுக்கும் ஒரே முகம். கீழே முன்னூறு பிள்ளைகள், அதே அங்கி. சுவரோரம் நாற்காலிகளில் பெரிய மனிதர்கள். பெற்றோர்களுக்கு இடமில்லாமல் முற்றத்தில் நிற்க வைத்திருந்தார்கள்.

டைரக்டர் பேசிக்கொண்டிருந்தார். நான் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். டிக் வரவில்லை. மூன்று மாதமாகத் தினமும் வந்த சத்தம், அன்று இல்லை. டைரக்டர் பேச்சை நிறுத்தி, எல்லோரையும் மூச்சு விடாமல் இருக்கச் சொன்னார். "மன்னர் விரலைச் சொடுக்குவார், கேளுங்க." அறுநூறு காது. ஒன்றும் இல்லை. "மன்னருக்குக் கூச்சம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை அக்கா. பேசிக்கொண்டே இருக்கிறவன் திடீரென்று வாயை மூடினால் ஒரு மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது.

அப்போது பார்த்தேன். குட்டி தன் தோளைத் தட்டிவிட்டாள். மறுபடி தட்டினாள். மஞ்சள் தூள். முதலில் கோடாக விழுந்தது, பிறகு சாரலாக.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நான் கத்தினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். காவலாளி பல்லைக் கிடுகிடுத்துக் காட்டுவான், எல்லோரும் சிரிப்பார்கள், யாரும் நகர மாட்டார்கள். நகர்ந்தாலும் முன்னூறு பேர் ஒரே வாசலில் முட்டி மோதுவார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. கொடியைத் தூக்கினேன். தினமும் எட்டுத் தடவை சொல்கிற குரல் தானாக வந்தது.

"அன்பர்களே, அடுத்து நாம் பார்க்க இருப்பது அரண்மனை முற்றம். தயவுசெய்து என் பின்னால் வாருங்கள். படி இருக்கிறது, பார்த்து."

நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. கொடி நடந்தால் நட என்று ஆறு நாள் பழக்கியிருந்ததால் பிள்ளைகள் நடந்தார்கள். அதிசயம் என்னவென்றால், பெரிய மனிதர்களும் எழுந்து வந்தார்கள். அரண்மனைக்குள் வந்துவிட்டால் யாராயிருந்தாலும் கொடிக்குப் பின்னால்தான் போவார்கள் அக்கா, நான் பார்த்திருக்கிறேன். டைரக்டர் மட்டும் பின்னாலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "எங்கய்யா போற? யோவ், எங்க போற?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவரும் வந்துவிட்டார் என்பதைச் சொல்கிறேன்.

முற்றத்தில் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு பழைய கிணறு. அதைச் சுற்றி நிற்க வைத்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இந்தக் கிணற்றில்தான் அரசியின் மோதிரம் விழுந்தது, அதைத் தேடி ஏழு பேர் இறங்கினார்கள் என்று. உன் புத்தகத்தில் இல்லாத ஒரு வரலாற்றை முதல் தடவையாகச் சொன்னேன். டைரக்டர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்" என்று காதோடு சொன்னார். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு ஏழாவது ஆளைக் கிணற்றில் இறக்கினேன்.

அப்போது சத்தம் கேட்டது. இடி மாதிரி இல்லை. பெரிய துணியைக் கிழிக்கிற மாதிரி, நீளமாக. பிறகு தரை அதிர்ந்தது. வாசல் வழியாகப் புழுதி வெளியே வந்தது.

இதற்கப்புறம் நடந்ததுதான் என்னைத் தூங்க விடவில்லை. புழுதி கொஞ்சம் அடங்கியதும் பெற்றோர்கள் வாசலுக்கு ஓடினார்கள். உள்ளே தரை முழுக்க அங்கிகள். ஒன்றன்மேல் ஒன்றாக, கை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம், அதே அங்கி அக்கா, பிள்ளைகள் போட்டிருந்த அதே அங்கி. ஒரு அம்மா அலறினாள். அப்புறம் எல்லோரும் அலறினார்கள். பிள்ளைகள் பின்னால் கிணற்றடியில் நிற்கிறார்கள், பெற்றோர்கள் உள்ளே புழுதியில் விழுந்து சாக்குகளைப் புரட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நானும் ஓடினேன். முதல் வரிசை எங்கே, முதல் வரிசை எங்கே என்று கத்திக்கொண்டு ஓடினேன். "அப்பா, கை வலிக்குது" என்று குரல் கேட்டுத்தான் நின்றேன். அவள் கையை நான் பிடித்துக்கொண்டுதான் ஓடியிருக்கிறேன்.

ஒரு காவலாளிக்கு முழங்கையில் சிராய்ப்பு. பல்லைக் கிடுகிடுத்துக் காட்டுவானே, அவன்தான். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

மாலையில் இடிபாட்டைக் கிளறினபோது, உடைந்த தூணுக்குள் பழைய பொம்மை ஒன்று கிடைத்தது. இருநூறு வருடத்துக்கு முன்னால் மாடத்து இடுக்கு வழியாக நழுவி உள்ளே விழுந்திருக்க வேண்டும். அங்கி மக்கிப்போயிருந்தது, முகம் மட்டும் அப்படியே இருந்தது. நான் நினைத்ததுபோல் கம்பீரமான பிரபு முகம் இல்லை. வரைந்தவன் கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தான். பயந்துபோன முகம். வரைந்தவனுக்கே பயம்போல. எதிரி கண்டுபிடித்துவிட்டால் அவன் தலையும்தானே போயிருக்கும்.

டைரக்டர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாளைக்கு வேலைக்கு வரவா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இன்று போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

தம்பி


நவம்பர் 17

தம்பி,

உன் கடிதத்தின் முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். மீதியை மறுநாள்தான் படிக்க முடிந்தது.

ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை வருகிறேன். நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம். காலையில் வரிசையில் நின்று சீட்டு வாங்கிக்கொண்டு, மற்றவர்களோடு உள்ளே வருவேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கை கொடுக்காதே. உன் கொடிக்குப் பின்னால் வருகிறேன்.

இடிந்த இடத்துக்கு வந்ததும், நீ சொல்ல வேண்டியதைச் சொல். இங்கே முன்னூறு பேர் நின்றதாக ஒரு புத்தகம் சொன்னது, அது தவறு, யாரும் நிற்கவில்லை என்று. எழுதியவர் பெயரையும் சொல். நான் நிற்கிறேன் என்று குரலைக் குறைக்காதே. மூன்று வருடத்துக்கு முன்னால் நாற்பது பேர் முன்னிலையில் உன்னைக் கேலி செய்தேன். இந்த முறை எத்தனை பேர் இருக்கிறார்களோ, அத்தனை பேர் முன்னிலையில் கேட்டுக்கொள்கிறேன். இருபதாம் தேதிக் கடிதத்தில் நான் பாதியில் விட்ட வாக்கியம் இதுதான். எழுதத்தான் வரவில்லை.

உன்னிடம் இன்னொரு வேலை இருக்கிறது. போன வாரம் முழுவதும் என் புத்தகத்தை முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன். 'உறுதியான நிலவறை' என்று எழுபத்திரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எதை வைத்து எழுதினேன் என்று குறிப்பேட்டில் தேடினேன், கிடைக்கவில்லை. 'கிழக்குக் கோபுரத்தில் நூறு வீரர்கள் காவல் இருந்தனர்' என்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கோபுரத்தில் இப்போது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறார்கள்தானே?

மொத்தம் நூற்றுப் பதினாறு பக்கம். எந்தப் பக்கத்தின்மேல் யார் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும். நான் வரும்வரை ஒவ்வொரு அறையிலும் சுவரைத் தட்டிப் பார். எங்கே உனக்குப் பயமாக இருக்கிறதோ, அங்கே பூட்டைப் போடு.

அக்கா